கிளவுஸ் கம்பெனி காந்திமதி

ஒரகடம் கூட்டு ரோட்டில் இன்றைக்கு நின்றால் ரோட்டைக் கடக்கவே நாலு சாமியை வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், நடுவில் புகுந்து வரும் ஷேர் ஆட்டோ. தொண்ணூற்றொன்றில் அதே ரோட்டில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது வரும்வரை மாடுகளோடு பேசிக்கொண்டு நிற்கலாம். அந்த வருஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காரணம் மாடுகள் இல்லை, காந்திமதி.

அவள் வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண். படப்பையைத் தாண்டி ஒரு பழைய ரைஸ்மில் கட்டடத்தில் பாண்டுரங்கன் என்பவர் தோல் கையுறை தைக்கும் கம்பெனி நடத்தினார். பத்தாவது முடித்ததிலிருந்து அவள் அங்கேதான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தைத்துக்கொண்டே தபால் வழியில் பி.காம். முடித்தாள். அதோடு விட்டாளா? மெட்ராஸில் ஒரு மாலைநேரக் கல்லூரியில் வெளிநாட்டு வணிகப் படிப்பில் சேர்ந்தாள். ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில். நான் தாம்பரத்துக்காரி, அதே வகுப்பு. ரயிலில் எனக்கு இடம் போட்டு வைத்தாள் என்று ஆரம்பித்த சிநேகம். அவள் கையிலிருந்து வரும் தோல் வாசனைக்கு முதலில் மூக்கைச் சுளித்தேன். ஒரு மாதத்தில் அந்த வாசனை இல்லாமல் ரயிலே ஓடாது போலிருந்தது.

பாண்டுரங்கன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, 'ஏற்றுமதிப் பிரிவு' என்று எழுதி மாட்டியிருந்தார். ஆள்தான் இல்லை. அதுவரை சரக்கெல்லாம் மெட்ராஸ் ஏஜெண்ட் வழியாகத்தான் ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. "படிப்ப முடிச்சிட்டு வா, அந்த நாற்காலி உனுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து தைக்கிற கூடத்திலிருந்து அந்தக் கண்ணாடியை அவள் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு முதுகுவலி அப்போதே வந்துவிட்டது. அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் மெஷின்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

படிப்பு முடிய ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எந்த நாட்டுக்கு, எப்போது, எப்படி விற்போம் என்று முழுத் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் டீத்தூள், பட்டு, முந்திரி என்று புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். இவள் மட்டும், "மீனு, நம்ம கிளவுஸையே ரஷ்யாவுக்கு அனுப்பலாம்டி. ஏஜெண்டு வாணாம். நேரா நாமளே" என்றாள். பாண்டுரங்கனிடம் போய், அடுத்த சரக்கை எங்கள் திட்டப்படியே அனுப்புகிறேன் என்று சம்மதமும் வாங்கிவிட்டாள். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த தாவீது சார் இதைக் கேட்டு, "பரீட்சைக்குப் படிக்கச் சொன்னா கம்பெனியையே கையில எடுத்துட்டீங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் அரைகுறை வேலைக்காரி இல்லை. குளிருக்குக் கையுறை தாங்குமா என்று பார்க்கவேண்டும் என்று படப்பை ஐஸ் கம்பெனிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கையுறையை மாட்டிக்கொண்டு ஐஸ் பாரைக் கட்டிப்பிடித்து நின்றாள். ஐஸ் கம்பெனிக்காரர், "இன்னாம்மா, வேண்டுதலா?" என்று கேட்டார். விரல் மரத்துப்போய்ப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தபிறகுதான் விட்டாள். மறுநாளே உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

எப்போது அனுப்புவது என்ற இடத்தில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். கோட்டை விட்டது அப்போது யாருக்கும் தெரியவில்லை. குளிர் எப்போது? மார்கழியில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மார்கழி பிறந்ததும் கப்பலில் ஏற்றினால் தையில் போய்ச் சேரும், அங்கே குளிர் நன்றாக ஏறியிருக்கும், ஜனங்கள் ஓடிவந்து வாங்குவார்கள் என்று எழுதினோம். தாவீது சார் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவரும் திருவள்ளூர்க்காரர்தானே, அவருக்கும் குளிர் என்றால் மார்கழிப் போர்வை, கோலம், மங்கி குல்லாதான்.

ஆவணியில் மெட்ராஸ் ஏஜெண்ட் லாரியோடு வந்து நின்றான். இப்போதே சரக்கை ஏற்ற வேண்டும் என்றான். ஏன் என்று சொல்லவில்லை, அவன் எப்போதும் எதையும் சொல்வதில்லை. பாண்டுரங்கன் தடுமாறிப்போய் காந்திமதியைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஏத்திடலாமா?"

"வாணாம் மொதலாளி. இந்த வெய்யில்ல கிளவுஸ் யாரு வாங்குவாங்க? அந்தாளு கமிஷனுக்குப் பறக்கறாரு. மார்கழியில நாம ஏத்திக்கலாம்."

ஏஜெண்ட் கோபமாகக் கிளம்பி, அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் சரக்கை வாரிக்கொண்டு போனான். எங்கள் பெட்டிகள் குடோனிலேயே கிடந்தன.

மார்கழி வந்தது. பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுவதற்குள், நாங்கள் ரஷ்யா என்று சொல்லிக்கொண்டிருந்த சோவியத் நாடே கலைந்துபோனது. ரேடியோவில் கேட்டுவிட்டு நான் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். காந்திமதி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வருஷக் கடைசியில் எங்களுக்கு வாய்மொழித் தேர்வு. பைண்டு செய்த புராஜெக்டின் அட்டையில் கொட்டை எழுத்தில் அந்த நாட்டின் பெயர்.

"இத்தினி நாளு தைச்சி, படிச்சி, எழுதி... கடைசியில நாடே இல்லன்ராங்கடி" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார், மின்விசிறிக்குக் கீழே. எங்கள் புராஜெக்டைக் கையில் எடுத்தவர் அட்டையைப் பார்த்தே சிரித்தார்.

"இந்த நாடு போன வாரம் இல்லாமல் போய்விட்டதே அம்மா. யாருக்கு விற்கப் போகிறீர்கள்?"

காந்திமதி எழுந்து நின்றாள்.

"நாடு போனா குளிரு போயிடுமா சார்? அங்க ஜனங்க அப்படியேதான இருக்காங்க. கை இருக்குது, பனி இருக்குது. பேரு மாறின நாட்டுக்கெல்லாம் தனித்தனியா எழுதிக் கேக்கணும், அவ்ளோதான்."

அறையே சிரித்தது. தாவீது சார் முகத்தில் ஒரு பெருமை. நான் பாஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர் நின்றுவிட்டார்.

"மார்கழியில் கப்பல் ஏற்றுவதா? உங்கள் ஊரில் குடையை எப்போது விற்பார்கள்?"

"ஐப்பசிக்கு முன்ன சார்."

"அடைமழை விட்டபிறகு இல்லையே? அங்கே ஐப்பசியிலேயே குளிர் ஆரம்பித்துவிடும். கடைக்காரன் அதற்கு முன்பே வாங்கி அடுக்கிவிடுவான். ஆவணியில் ஏற்றியிருக்க வேண்டிய சரக்கு இது."

அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். நானும்தான். தாவீது சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் மார்கழி என்ற வார்த்தையின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். பாஸ் போட்டார், ஆனால் மூன்றாம் வகுப்பில். திரும்பும்போது ரயிலில், பாஸ் ஆனதற்கு வாங்கி வந்த பக்கோடா அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் அவளோடு நானும் கம்பெனிக்குப் போனேன். பாண்டுரங்கன் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பல்.

"வாம்மா, வா! ஆவணியில ஏத்தினவன்லாம் தலைல துண்டப் போட்டுகினு குந்திக்கீறான். ஒருத்தனுக்கும் பணம் வரல, ஏஜெண்டு ஆளக் காணம். நம்ம சரக்கு ஒரு பெட்டி கொறையாம குடோன்ல கீது. அந்த நாடு கவுந்துடப்போவுதுன்னு உனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது பாரு! இன்னிக்கே போய் உக்காரு."

கண்ணாடிக் கதவை அவரே திறந்து பிடித்தார். தையல் கூடத்தில் மெஷின்கள் நின்றுவிட்டன. பன்னிரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் அவள் முழங்கையை மெல்ல இடித்தேன். போய் உட்காருடி, வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நான் அப்படிப்பட்டவள்தான், எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

அவள் நகரவில்லை.

"மொதலாளி, எனுக்கு ஒன்னும் தெரியாது. தெரிஞ்சி நிறுத்தல. குளிருன்னா மார்கழின்னு நெனச்சி நிறுத்தினேன். ஆவணியிலதான் ஏத்தணுமாம். நேத்து காலேஜுல சொன்னாங்க. அந்த ஏஜெண்டு சொன்னதுதான் சரி. நான் பண்ணது தப்பு."

பாண்டுரங்கனின் சிரிப்பு நின்றுபோனது. கதவைப் பிடித்த கையை விடாமல் அவளையே பார்த்தார். எனக்கு அவளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. பல வருஷத்து முதுகுவலியை ஒரு நிமிஷத்தில் குப்பையில் போட்டுவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

"அந்த ஏஜெண்டு எத்தினி வருசமா எங்கிட்ட சரக்கு எடுத்தான் தெரியுமா?" என்றார் அவர் மெதுவாக. "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் பண்ணது தப்புன்னு அவன் வாயில வந்ததில்ல. தப்பெல்லாம் என்னுதுன்னுதான் சொல்லுவான். நீ போய் உக்காரும்மா."

அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெளியே பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான். அழுகை அடங்குவதற்கு முன்பே தலையை நிமிர்த்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"மொதலாளி, நாம சரக்கு அனுப்பற ஊருங்கள்ல மழ எப்போ, வெய்யில் எப்போன்னு யாரக் கேட்டா சொல்லுவாங்க?"