முழு உடலையும் பார்ப்பதாகச் சொன்னவர் கேட்காத கேள்வி

சந்தகை, அதாவது அரிசிச் சேவை, மென்று தின்ன வேண்டிய பண்டமே அன்று. நாவால் அழுத்தினாலே கரைந்துவிடும். அன்று காலை அதை உண்டபோது இடக் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லில் ஒரு வலி எழுந்து காதுவரை ஓடியது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். நான் தமிழாசிரியை. முதல் இரண்டு பாடவேளையும் செய்யுள். ஒரு கையால் கன்னத்தைப் பற்றிக்கொண்டே நடத்தி முடித்தேன்.

மாலையில் தெருமுனைப் பல் மருத்துவர் ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்தார். பல்லின் உள்ளே இருக்கும் மென்திசுவான கூழ் அழுகி, வேர்நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. வேர்ச் சிகிச்சை (அழுகிய கூழை அகற்றி, வேர்க்குழாயைத் தூய்மை செய்து அடைத்தல்) செய்தால் பல் நிலைக்கும் என்றார். ஒப்புக்கொண்டு வீடு திரும்பினேன்.

வீட்டில் என் கணவரின் அக்காள் இருந்தார். எங்கள் வழக்கில் அவர் எனக்கு நங்கை. செய்தியைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

“ரூட் கேனால் பண்ணுனா அது செத்த பல்லாமா. வாய்க்குள்ள பொணத்த வெச்சுக்கிட்டா நீ சோறு திம்ப?”

அந்த வாசகம் அவருடையதன்று. முழு உடலையும் பார்ப்பதாகப் பலகை வைத்து நகரில் புதிதாகத் திறந்திருந்த முழுமைப் (ஹோலிஸ்டிக்) பல் மருத்துவ மையம் ஒன்றின் காணொளியில் கேட்டது. தம் பழைய பல் அடைப்புகளை எடுத்துவிட அவரும் அங்கே நாள் குறித்து வைத்திருந்தார். அவர் சொல்லைக் கேட்டு நானும் கணவரும் அங்கே போனோம்.

என் கணவர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் தர ஆய்வாளர். இயற்கைப் பருத்தியில் குழந்தைகளுக்கான ஆடை தைக்கும் நிறுவனம். அந்த ஆடைகளில் தொங்கும் பச்சை இலைச் சின்னத்தைப் போன்ற ஒன்றே மையத்தின் சுவரிலும் பெரிதாக வரையப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. “நம்ம ஆர்கானிக் மாதிரிதான் புள்ள. கெமிக்கலே கெடையாதாம்” என்றார். சாயப்பட்டறைக் கழிவுநீர் ஓடிய ஆற்றின் கரையில் வாழ்கிறவர்களுக்கு அதைவிட இனிய சொல் வேறில்லை. எங்கள் அச்சத்தை அந்த மையம் நன்றாக அறிந்திருந்தது.

மையத்தின் மருத்துவர் மென்மையாகப் பேசினார். என் உறக்கம், கனவு, முடி உதிர்தல், தாயாரோடு எனக்கிருந்த உறவு எல்லாவற்றையும் விசாரித்தார். பற்களையும் உறுப்புகளையும் கோடுகளால் இணைத்த படம் ஒன்றைக் காட்டி, என் பல்வலி பெருங்குடலிலிருந்து வருகிறது என்றார். ஊடுகதிர்ப் படம் உடலுக்குத் தீங்கு, வேண்டாம் என்றார். பல்லாண்டுகளாக ஒரு தொல்லையும் தராதிருந்த என் வலப்புறப் பற்களின் பாதரசக் கலவை அடைப்புகளை நஞ்சு என்று சொல்லிக் குடைந்தெடுத்தார். அழுகிய பல்லுக்கு ஓசோன் வாயுவும், வாய் கொப்பளிக்க எண்ணெயும், நாவின்கீழ் விடச் சில துளிகளும். அழுகாத பற்களைத் தோண்டினார். அழுகிய பல்லின் உள்ளே பார்க்கவே இல்லை.

கன்னம் வீங்கியது. தொலைபேசியில் கேட்டபோது அவர் மகிழ்ந்தார். “நச்சு வெளியேறுது மேடம். உடம்பு பேசுது, தடுக்காதீங்க” என்றார். வலிமாத்திரையும் கூடாது என்றார்.

இந்தத் தருக்கத்தை வாசகர்கள் நின்று நோக்க வேண்டும். வலி குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. வலி மிகுந்தால் நச்சு வெளியேறுகிறது. எது நடந்தாலும் அவர் சொன்னதே சரி. தோற்கவே வழியில்லாத மருத்துவம் மருத்துவமாகாது; அது வாய்ச்சாலகம்.

வீக்கம் மோவாயின் கீழிறங்கிக் கழுத்தைப் பிடித்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. உமிழ்நீரை விழுங்க முடியாமல் துண்டில் வடித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் கொதித்தது. கணவர் அதன்பின் எவரையும் கேட்கவில்லை. என்னை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.

பணியிலிருந்த பெண் மருத்துவர் என் மோவாயின் அடியை இரு விரல்களால் அழுத்திப் பார்த்தார். பலகைபோல் இறுகியிருந்தது. அவர் கேட்ட முதற் கேள்வி இது:

“உங்களுக்குச் சுகர் இருக்குங்களாம்மா?”

இருக்கிறது, பல ஆண்டுகளாக இருக்கிறது. குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தால் கிருமித்தொற்று விரைந்து பரவும். புண் ஆறத் தாமதிக்கும். என் கனவுகளைக் கேட்டவர் இதைக் கேட்கவில்லை. முழு உடலையும் பார்ப்பதாகப் பலகை எழுதி வைத்தவருக்கு என் உடலில் சர்க்கரை நோய் இருப்பது தெரியாது. இரவெல்லாம் உறங்காத கண்களோடு, நெரிசலான அறையில் நின்றுகொண்டிருந்த அந்த அரசு மருத்துவரே என் உடலை முழுதாகப் பார்த்தார்.

தொற்று வாயின் அடித்தளத்தில் பரவி நாவை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் மூச்சுவழி அடைபட்டிருக்கும் என்றார்கள். தாடையின்கீழ் அறுத்துச் சீழை வடித்தார்கள், பல்லைப் பிடுங்கினார்கள், அரித்துப்போன எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். விழித்தபோது கழுத்தில் வடிகுழாய் இருந்தது.

நான் பேச இயலாமல் கிடந்த நாளொன்றில் கணவர் அந்த மையத்துக்குப் போய்ச் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டிருக்கிறார். குறிப்பு ஏதுமில்லை. நடந்ததைக் கட்டிலருகே அமர்ந்து, குரல் உயர்த்தாமல் சொன்னார்.

“எங்க கம்பெனில ஒரு கலர் துணி கப்பலேறணும்னாலும் லேப் ரிப்போர்ட் வேணுங்க. உங்க செவுத்துல இருக்கற எலைக்கு எந்த லேப்புங்க ரிப்போர்ட் குடுத்துதுன்னு கேட்டேன்.”

அதற்கு அந்த மருத்துவர், உங்கள் வீட்டம்மாவுக்கு நம்பிக்கை போதவில்லை, மனம் எதிர்த்தால் உடல் ஆறாது என்றாராம்.

சொல்லிவிட்டுக் கணவர் தலை குனிந்தார். “துணிக்குக் கேக்கறத உனக்குக் கேக்காம உட்டுப்போட்டேன் புள்ள.”

எனக்குச் சினம் பொங்கியது, அவர்மீதன்று. பிழை செய்தவர் என் நம்பிக்கையைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். பிழை செய்யாதவர் என் கட்டிலருகே கூனிக் குறுகி அமர்ந்திருக்கிறார். இந்த இடமாற்றமே அத்தகைய மையங்களின் உண்மையான திறமை. புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது.

இதே வழியில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: முழுமை என்ற சொல்லோடு எனக்குப் பகையில்லை. வாயும் உடலைச் சேர்ந்ததுதான். அதனால்தான் உங்கள் சர்க்கரையையும், நீங்கள் உண்ணும் மாத்திரைகளையும் கேட்காதவரிடம் வாயைத் திறக்காதீர்கள். படம் எடுக்காமல் வேரைப் பற்றிப் பேசுகிறவரை நம்பாதீர்கள். நன்றாக இருக்கும் அடைப்பை ஏன் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சினந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவும் வாய் திறக்கவும் முடியாமற்போனால் அது நச்சு வெளியேறுவதன்று. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் உண்ணத் தொடங்கிய நாளில் நங்கை சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி எடுத்து வந்தார். கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “எனக்கு வரச்சொன்ன நாளு நேத்தோட போச்சு. நான் போவுல” என்றார். “போனா உன்ற தம்பி உன்னையும் லேப்புக்கு அனுப்பிப்போடுவாப்ல” என்று கணவர் தம்மையே இடித்துச் சொன்னார். நங்கை சிரித்தார். எனக்குச் சிரிக்க வாய் வரவில்லை.

கீழுதட்டின் இடப்பாதி மரத்துவிட்டது. தாடை நரம்பு நலிந்திருக்கிறது. சில திங்களில் உணர்வு மீளலாம், மீளாமலும் போகலாம் என்கிறார்கள். காலையில் விழித்ததும் நகத்தால் உதட்டைக் கீறிப் பார்க்கிறேன். எனக்கு நாள் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தேநீர் பாதி வாய்க்குச் சுடுகிறது. மறுபாதிக்கு அது வெறும் கனம். உதட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரிவதில்லை. எதிரே அமர்ந்து உண்ணும் கணவர், பேச்சை நிறுத்தாமல், தம் உதட்டோரத்தை விரலால் ஒருமுறை தொடுவார். நான் துடைத்துக்கொள்வேன்.

நேற்று அவர் கை எழுவதற்குள் நான் துடைத்துவிட்டேன். அவர் சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தெரிஞ்சுதா புள்ள?”

உணர்ந்து துடைத்தேனா, பழக்கத்தால் துடைத்தேனா?

“தெரியலீங்க” என்றேன். “நாளைக்கும் கேளுங்க.”