முதல் கியரில் டெய்லரம்மா

கணவரின் கழுத்துப்பட்டை உறையைத் துவைப்பது டெய்லரம்மாவின் காலை வேலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டை தாடையை அறுக்கிறது என்று அவர் முகம் சுளித்ததால், பழைய பனியன் துணியில் மூன்று உறைகள் தைத்துவைத்திருந்தாள். ஒன்றைக் கழற்றி, சோப்புப் போட்டு அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றிப் பால்கனிக் கொடியில் போடுவாள். பிழிந்தால் தையல் முறுக்கிக்கொள்ளும். வேறொன்றை மாட்டிவிடும்போது அவர் கூரையைப் பார்ப்பார், அவள் வெல்க்ரோவைப் பார்ப்பாள். ஒரு நாளில் இரண்டு முகங்களும் அவ்வளவு பக்கத்தில் வருவது அந்த இரண்டு நிமிடம்தான்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்தெட்டு வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு அழுகிற பெண்களிடம், "வண்டிதானேம்மா நின்னுச்சு, உலகமா நின்னுச்சு, சாவியைத் திருப்புங்க" என்பாராம். இதை டெய்லரம்மாவுக்குச் சொன்னது அவளிடம் அளவு கொடுக்க வந்தவர்கள். வெளியே வாய் வலிக்கப் பேசிவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைக் கழற்றிச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிடுவார்.

கல்யாணமான புதிதில் தனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். "கட்டினவளுக்குக் கத்துக்குடுத்தா ஒண்ணு வண்டி உடையும், இல்ல குடும்பம் உடையும்" என்று தன்னிடம் வேலை பார்த்த லேடி மாஸ்டரிடம் விட்டுவிட்டார். கற்றுக்கொண்டாள். தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சின்ன கார் ஒன்றைப் பல வருஷம் ஓட்டவும் செய்தாள். ஆனால் மாஸ்டரிடம் படித்தவர்களுக்குக் கடைசி நாளில் ஒரு வார்த்தை கிடைக்கும். "கால் வந்துடுச்சு" என்பார். பெடல் காலுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். லைசென்ஸைவிட அதற்குத்தான் மதிப்பு. "இன்னிக்கு மாஸ்டர் எனக்குக் கால் வந்துடுச்சுன்னுட்டார் டெய்லரம்மா" என்று பெண்கள் பூரித்துப்போய்ச் சொல்லும்போது, இவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு "ம்" என்பாள்.

ஸ்கூலை மூடியபோது பயிற்சி வண்டிகளோடு அந்தச் சின்ன காரையும் விற்றுவிட்டு, யாரோ ஓட்டிப் பழகிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். தரையோடு தரையாக இருக்கும். இரண்டே கதவு, இரண்டே சீட். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக எடுத்துக்கொண்டு போய், பத்து மணிக்குத் தனியாக வருவார்.

"ரெண்டு சீட்டு இருக்கே" என்றாள் ஒருநாள்.

"அது பையி, கிய்யி வெக்க."

பிறகு கழுத்தில் ஆபரேஷன் ஆனது. நாலு மாதம் பட்டை, வண்டி ஓட்டக் கூடாது, வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோ. முதல் தடவை போன டாக்சி ஒவ்வொரு பிரேக்குக்கும் தலையைப் பிடுங்கியது. இரண்டாவது டாக்சியைப் பாதி வழியில் நிறுத்தி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தார். "இனி நான் போகல."

பிசியோ பெண் போனில் ஒளிக்காமல் சொன்னாள். "அம்மா, இந்த ஆறு வாரத்தை விட்டா கழுத்து அப்படியே இறுகிடும். அப்புறம் யாராவது கூப்பிட்டா உடம்போடதான் திரும்புவார்."

"நான் ஓட்டறேன்" என்றாள் டெய்லரம்மா. அவர் வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

சின்ன காரில் கிளட்ச் செருப்பு மாதிரி இருக்கும். இது கல். மேலே வரும்வரை ஒன்றும் நடக்காது, கடைசி அரை அங்குலத்தில் மொத்தமாகப் பிடிக்கும். கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி தவளையாக இரண்டு முறை குதித்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் பாய்ந்தது, விட்டால் முக்கியது. அவர் திட்டவில்லை. ஆனால் அவருடைய கால்கள் ஓயவில்லை. பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில், இல்லாத கிளட்சை இடது காலும் இல்லாத பிரேக்கை வலது காலும் மிதியடியில் அழுத்தி அழுத்தித் தேடின. மூன்றாவது வேகத்தடையில் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குத் திருப்பு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"அப்பாவை நீதான் கெடுத்து வெச்சிருக்கே. உக்கார வெச்சு நல்லாத் திட்டும்மா" என்றாள் வெளியூரிலிருந்து மகள்.

"திட்டினா மூஞ்சியைத் திருப்பிக்குவார். இப்ப அதுக்கும் கழுத்து இல்லடி."

மகள் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

அவள் கடையில் சட்டை மாட்டிவைக்கும் பொம்மை ஒன்று உண்டு. தலையோடு இடுப்புவரை இருக்கும். கழுத்துத் திருகு தேய்ந்து தலை லொடலொடக்கும். ஒரு துணிச்சுருணையைச் செருகித்தான் நிறுத்திவைத்திருந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுருணையை உருவிவிட்டு, பொம்மையைச் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டு, சந்தைக்குப் பின்னாலிருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப் போனாள். அந்த நேரத்தில் அங்கே காவல்காரரைத் தவிர ஈ, காக்கை இருக்காது.

முதல் நாள் தலை கழன்று அவள் மடியிலேயே விழுந்தது.

"என்னக்கா, கூட வந்தவரைக் கொன்னுட்டீங்களே" என்றார் காவல்காரர்.

"உசுரு இருந்தா இந்நேரம் எறங்கி நடந்திருப்பார்."

"பேசவும் மாட்டேங்கறாரே."

"எங்க வீட்ல பழகினதுதான் அண்ணே."

அவளுக்குத் தெரிந்த கால் வேலை தையல் மிஷினில் கற்றது. மோட்டார் மிஷினை வேகமாக ஓட்ட யாராலும் முடியும். காலர் முனை திரும்பும் இடத்தில் ஒவ்வொரு தையலாக விழச் செய்வதில்தான் கை தெரியும், அதாவது கால் தெரியும். குதிகால் தரையைவிட்டு எழக் கூடாது, முன்பாதம் மட்டும் பேச வேண்டும். அதையே இங்கும் செய்து பார்த்தாள். கிளட்சை விட்டுக்கொண்டே வந்து, பிடிக்கும் இடத்தில் கால் நிற்க வேண்டும். மனசுக்குள் ஒன்று, இரண்டு. அதன் பிறகே மீதியை விட வேண்டும். முதல் கியரில் ஊரும்போது ஆக்சிலரேட்டர் பக்கமே போகக் கூடாது. எஞ்சின் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். அது இருமுவதற்கு ஒரு நொடி முன்னால் கிளட்சை அமுக்கிவிட வேண்டும். நிற்கும்போது பிரேக்கைக் கடைசிவரை மிதித்தால் தலை முன்னால் விழுகிறது. நிற்கப்போகிற அந்தக் கணத்தில் ஒரு நூல் தளர்த்தினால் வண்டி நின்றதே தெரிவதில்லை.

ஊர்ந்துகொண்டே பொம்மையிடம் பேசினாள். அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளரைப் பற்றி, போனை வைக்க அவசரப்படும் மகளைப் பற்றி, முன்பக்கத்து அறையில் நாள் முழுக்க டிவியை ஊமையாக வைத்துப் பார்க்கிற மனுஷனைப் பற்றி. ஆள் கிடைத்த குஷியில் ஒருமுறை கிளட்சைக் கோட்டைவிட்டாள். பொம்மை "ஆமாம், ஆமாம்" என்றது.

பன்னிரண்டாம் நாள் நாலு சுற்று சுற்றியும் தலை அசையவில்லை. காவல்காரர் ஒரு செங்கல்லைக் குறுக்கே போட்டுப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

தினமும் காலையில் வண்டி கிளம்புகிற உறுமல் படுக்கையறைக்குக் கேட்காமல் இருக்காது. எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"நாளைக்கு பிசியோவுக்கு வாங்க. ஒரே ஒரு தடவை. ஆடிச்சுன்னா திருப்பிடறேன், அப்புறம் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

"செருப்பை எடுத்து வை" என்றார்.

கேட்டைத் தாண்டும்போது அவருடைய இடது கால் அழுத்தப் போனது. அழுத்துவதற்குள் வண்டி தெருவில் இருந்தது. சிக்னலில் ஒரு லாரிக்குப் பின்னால் நீண்ட வரிசை. முப்பதடி நகர்வதும் நிற்பதுமாக நாலு முறை. முதல் முறை கால் எழுந்தது. இரண்டாம் முறை பாதி எழுந்து யோசித்தது. மூன்றாம் முறை எழவேயில்லை. வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. கைகள் மடியிலேயே இருந்தன. ஓரக்கண்ணால் கீழே பார்த்தாள். ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியில் அவர் கால் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. போனதைப் போலவே திரும்பியும் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்காரவைத்து, வியர்த்திருந்த உறையைக் கழற்றிவிட்டுப் புது உறையை மாட்டினாள். அவள் எதிர்பார்த்தது மூன்று வார்த்தைகூட இல்லை, இரண்டுதான். வெல்க்ரோவை ஒட்டினாள், சரியில்லை என்று பிரித்தாள், திரும்ப ஒட்டினாள். இவ்வளவு நேரம் அதற்குத் தேவையில்லை. அவர் கூரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"கேக்கட்டுமா?"

"ம்."

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

அவள் கை நின்றது.

"அந்த லேடி மாஸ்டர் வந்தாங்களா? அவங்களுக்கே இந்தப் பக்குவம் கெடையாதே. பதினஞ்சு நாள்ல இப்படித் தானா வராது. யாரோ வெவரமான ஆளு பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்கான்." சந்தேகம் எதுவும் குரலில் இல்லை. இன்னொரு மாஸ்டரின் வேலையை மதிப்புப் போடுகிற குரல். பல வருஷமாக அவர் அவளிடம் தொடர்ந்து பேசியதில் இதுதான் நீளம். "நல்லாக் கத்துக் குடுத்திருக்கான். யாரது?"

வெல்க்ரோவின் நுனியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டாள். தாடைக்கும் துணிக்கும் நடுவே விரல் விட்டு, அறுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். யாரது?"

கட்டிலின் மேல் கிடந்த அழுக்கு உறையை எடுத்துக்கொண்டு டெய்லரம்மா அறையைவிட்டு வெளியே போனாள்.