அம்மா மேடையில் கேட்ட கோசோங்

கிள்ளானில் இருந்த அந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் டிரம்ஸ் அடிக்கத் தொடங்கினால் இலையில் ஊற்றிய ரசம் நடுங்கும். சோற்றால் அணை கட்டுவதற்குள் மேசைக்கு ஓடிவிடும். ஞாயிறு மதியம் அங்கே ‘லைவ் பேண்ட்’. பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து மோட்டாரில் வந்தவர்களும், பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே வந்தவர்களும், கோழி வறுவலை மறந்து வாயைப் பிளந்து பாட்டுக் கேட்பார்கள். எனக்குப் பத்து வயது. காது அடைத்துப்போய் வீடு திரும்பினால்தான் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் பேண்டோடு சேர்ந்து பாடியதை, கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர் கேட்டுவிட்டார். அவர் குழுவில் பாடிய பெண் கல்யாணமாகி ஜோகூருக்குப் போயிருந்த நேரம் அது.

“அடுத்த வாரம் ஒரு பாட்டு பாடிப் பாருங்க. சனங்களுக்குப் பிடிச்சா வாராவாரம் நீங்கதான்” என்றார்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு ஆசை, அவ்வளவு பயம். அப்பாவோ, “சொதப்பினா இந்தம்மா யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருவேன்லா” என்று கேலி பேசிக்கொண்டே, தினமும் எங்களைத் தான் ஓட்டும் லோரியில் ஏற்றி மாஸ்டர் வீட்டு ஒத்திகைக்குக் கொண்டுபோய் விட்டார்.

பாடுகிறவரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்கக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. சிலருக்கு இரண்டு ஏற்ற வேண்டும், சிலருக்கு மூன்று இறக்க வேண்டும். அம்மாவுக்கு எதுவும் வேண்டாம், பூஜ்யம். அதை மாஸ்டர் மலாயில் ‘கோசோங்’ என்பார். “உங்களுக்குக் கோசோங். மறந்துறாதீங்க” என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கடைசியில் மறந்தது அவர்தான்!

அந்த ஞாயிறு, மூன்று ஏற்றி வைத்துத் தாமே ஒரு பாட்டைப் பாடி முடித்த மாஸ்டர், அதை இறக்காமலே அம்மாவின் பாட்டுக்கு முன்னிசையைத் தொடங்கிவிட்டார். இந்த உயரத்தில் பாடினால் தொண்டை கிழிந்துவிடும் என்று அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. முகம் வெளுக்க, மைக் வாயருகில் இருப்பதையும் மறந்து, “கோசோங்! கோசோங்!” என்று கத்தினாள்.

சாப்பாட்டுக் கடையில் கோசோங் என்றால் வேறு அர்த்தமல்லவா? காப்பி, டீ என்று தண்ணி கலக்கும் அங்கிள் சீனி போடாத தேநீரை ஒரே நிமிடத்தில் கலக்கி, “மேடைக்கு ஒரு தே ஓ கோசோங்!” என்று கூவிக்கொண்டே கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டார். மாஸ்டரும், பாவம் தாகம் போலிருக்கிறது, குடித்துவிட்டுப் பாடட்டும் என்று முன்னிசையையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கையில் மைக், ஒரு கையில் ஆவி பறக்கும் கிளாஸ். “ஐயோ மாஸ்டர், தண்ணி இல்ல, ஸ்கேலு!” என்றாள் அம்மா, அதையும் மைக்கிலேயே.

கடை குலுங்கிச் சிரித்தது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். அப்பா எழுந்து நின்று, “அது என் பொண்டாட்டிதான்!” என்று கத்தினார். சிரித்த சிரிப்பில் அம்மாவின் பயம் எங்கே போனதோ தெரியவில்லை, அப்படிப் பாடினாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. முடித்ததும், “இன்னொண்ணு பாடுங்க ஆன்டி!” என்று பின்மேசையிலிருந்து குரல் வந்தது. எட்டு வருடம் பாடினாள்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மாஸ்டரும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் இளைஞர்கள் வாசிப்பதைக் கேட்க அடிக்கடி போகிறேன். பிரமாதமாக வாசிக்கிறார்கள், எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பதிவு செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எட்டு வருடத்தில் அம்மாவின் ஒரு பாட்டைக்கூட நாங்கள் பிடித்து வைக்கவில்லை.

போன வாரம் அவளிடமே சொல்லிப் புலம்பினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எதுக்குடி ரெக்கார்டு? பாடினப்ப நானே காது நிறையக் கேட்டேன்ல.”