மணல் திட்டில் மூன்று பேர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள் என்பதால் வந்தது. நாளாவட்டத்தில் அது தேய்ந்து வெறும் 'சாமி' ஆனது. கல்யாணமாகி, மகன் கல்லூரிக்குப் போன பிறகும் தோழிகள் வாயில் அதுவே நின்றுவிட்டது.

வேலையும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற வேலை. ஜன்னல் இல்லாத அறை, கடகடக்கும் மின்விசிறி, காதுமடலைச் சிவக்கவைக்கும் ஹெட்போன். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் அவள்தான் காரணம். குழாய் உடைந்து தெருவெல்லாம் ஆறாக ஓடினாலும் அவள்தான் காரணம். "புரியுதுங்க, ஆளை அனுப்பச் சொல்லிட்டேங்க" என்று குரல் மாறாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். "உனக்குக் கோபமே வராதாடி?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டால், "வந்தா மட்டும்? அவங்க குழாயில தண்ணியா வந்துடப் போகுது?" என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் பார்த்த இடத்தில் வீடு, நாத்தனார் சொன்ன நிறத்தில் சுவர். "என் மருமக வாயில்லாப் பூச்சி" என்று மாமியாரே நாலு பேரிடம் பெருமையடித்துக்கொள்வார்.

தீவுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தவளும் சாமி இல்லை, தோழிகளில் ஒருத்தியான தலைவி. ஒரு காலத்தில் வகுப்புத் தலைவியாக இருந்தவள். அந்தப் பதவியை இன்னும் விடவில்லை. இப்போது சொந்தமாக அழகு நிலையம் நடத்துகிறாள். அவள் புருவத்தைத் தூக்கினாலே கடைப் பெண்கள் ஓடுவார்கள். மூன்றாவது ஆள் டீச்சர், மழலை வகுப்பு எடுப்பவள். பிள்ளைக்குப் பரீட்சை, மாமனாருக்கு ஆபரேஷன் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போன பயணம் ஒருவழியாகக் கைகூடியது.

தீவு சின்னது. தென்னைக்கு நடுவே தங்கும் அறைகள், வாசலிலேயே கடல். வெந்நீரோ என்று நினைக்கவைக்கும் இளஞ்சூட்டில் தண்ணீர். வந்த நாளிலிருந்து மூவரும் சிறுபிள்ளைகள் மாதிரி கரையிலேயே கிடந்தார்கள். பிறகு தலைவியின் கண், தண்ணீர் வற்றும்போது மட்டும் கடலுக்குள் தலைகாட்டும் வெள்ளை மணல் திட்டில் விழுந்தது. அங்கே போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றாள். ஒரு படகுக்காரரைப் பேசிக் கிளம்பினார்கள்.

திட்டில் இறங்கும்போது, மிதவைச் சட்டை போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று தலைவி கழற்றிப் படகிலேயே போட்டாள். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். படகுக்காரர் சாமியிடம், "தண்ணி ஏறதுக்குள்ள வந்துடறேன்மா. கரை கிட்டத்துல தெரியுதேன்னு நடந்து மட்டும் வந்துடாதீங்க. நடுவுல ஆழமா ஓடுது, ஆளை இழுத்துடும்" என்று சொல்லிவிட்டு, வேறு பயணிகளை ஏற்றிவரப் போனார். தலைவியும் டீச்சரும் அப்போது போனுக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டோ எடுத்து அலுத்த பிறகும் படகு வரவில்லை. கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் காலியானது. திட்டின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை முதலில் பார்த்தது டீச்சர்.

"ஏய், அங்கதானே நம்ம செருப்பை விட்டோம்?"

அங்கே செருப்பும் இல்லை, மணலும் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. மூவரும் கத்தினார்கள், துப்பட்டாவை வீசினார்கள். காற்று எதிர்த்து அடித்ததில் குரல் அவர்கள் காதுக்கே திரும்பிவந்தது.

"இங்க நின்னு மூழ்கிச் சாகணுமா? கரை இதோ இருக்கு, நடங்க" என்றாள் தலைவி. டீச்சர் அவள் பின்னால் இறங்கினாள். சாமியும் பழக்கதோஷத்தில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது, அடியில் ஏதோ கணுக்காலைப் பக்கவாட்டில் தள்ளியது. சாமி நின்றுவிட்டாள்.

"போக வேண்டாம். நடுவுல ஆழம், இழுக்கும்னு அந்த ஆளு சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"இறக்கிவிடும்போது. என்கிட்டதான்."

"அந்த ஆளுதான் வரவே இல்லையே! அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு... வாடி!"

தலைவி முன்னால் எட்டுவைத்தாள். சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு."

"விடமாட்டேன்."

தலைவி உதறினாள். மறு கையால் சாமியின் தோளில் அடித்தாள், கன்னத்தில் அடித்தாள். "உனக்கு என்னடி தெரியும்? ஊரான் திட்டறதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கற போன்காரி நீ! நீ எனக்குச் சொல்றியா?"

கன்னம் திகுதிகுவென்று எரிந்தது. சாமியின் விரல்கள் இன்னும் இறுகின. "என்ன வேணா சொல்லிக்கோ. அடி. ஆனா விடமாட்டேன்." பிறகு திரும்பாமலே, "டீச்சர், மேல ஏறு" என்றாள். டீச்சர் ஏறினாள். தலைவியை ஏறக்குறைய இழுத்துக்கொண்டே சாமியும் ஏறினாள்.

திட்டில் மிச்சமிருந்த மேட்டில் மூவரும் கைகோத்து நின்றார்கள். கணுக்கால் நனைந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் போனது, தொடை போனது. டீச்சர் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள். தலைவி கரையையே பார்த்தபடி சாமியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதும், பயத்தில் சும்மா நிற்கத்தான் அவளால் முடியவில்லை என்பதும் சாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

சாமி பேசினாள். அறைக்குப் போனதும் என்ன சாப்பிடலாம், டீச்சர் மகள் எப்போது ஊருக்கு வருகிறாள் என்று கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கினாள். "அலை வந்தா ஒண்ணா குதிக்கலாம். இப்போ... குதி. அவ்வளவுதான்." குரல் அலுவலகத்தில் இருப்பது போலவே இருந்தது. உள்ளேதான் கேள்விகள் ஓடின. படகு வராவிட்டால்? நடந்திருந்தால் இந்நேரம் கரையேறியிருப்போமோ? வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றைத் தீர்மானித்தாள். அதுவே மூன்று உயிருக்கு எமனாகிவிடுமோ? டீச்சர் மகனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அவனுக்கு யார் பதில் சொல்வது?

தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. ஒவ்வொரு அலையும் காலை மணலிலிருந்து பெயர்த்து வேறோர் இடத்தில் வைத்தது. "இப்பவாவது போலாமா?" என்றாள் டீச்சர் ஈனசுரத்தில். "இப்போ போகவே கூடாது" என்றாள் சாமி. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

நெஞ்சைத் தண்ணீர் தொட்டபோதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. வந்தது வேறு படகு, ஒரு மீன்பிடிப் படகு. அதன் முனையில் அந்தப் படகுக்காரர் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நடுக்கடலில் அவருடைய இன்ஜின் நின்றுபோய், கத்திக் கூப்பிட்டு இந்தப் படகை வரவழைத்தாராம். ஒவ்வொருத்தியாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். "நல்ல வேளை தாயி, நடந்து வரலையே" என்று படகுக்காரர் தலையில் கைவைத்தார்.

திரும்பும் வழியில் ஓரிடத்தில் படகு கோணலாக இழுபட்டது. மீனவர் நீளமான கழியை உள்ளே விட்டார். கழி முழுக்க இறங்கியும் தரை தட்டவில்லை. தலைவி அதைப் பார்த்தாள். பிறகு கரை சேரும்வரை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் டீச்சர் போர்வைக்குள் சுருண்டு தூங்கிவிட்டாள். சாமி கெட்டிலில் டீ போட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தலைவி எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் சாமியின் நான்கு விரல் தடமும் கன்றிப்போய்த் தெரிந்தன.

"நீ விட்டிருந்தா நான் போயிருப்பேன்டி."

"தெரியும்."

"போன்காரின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

பரவாயில்லை என்று சொல்லத்தான் சாமி வாயெடுத்தாள். வரவில்லை. "அடிச்சதுகூட இவ்வளவு வலிக்கலை" என்றாள். தலைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சாமி சமாதானப்படுத்தவில்லை, டீயை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில், "இன்னைக்கு என்ன பண்ணலாம்?" என்று தலைவி கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததுதான் புதுசு. "குளியல் தண்ணியைக்கூட எனக்குக் காட்டாதீங்க" என்றாள் டீச்சர். அன்றைக்கெல்லாம் வராந்தாவில் பாய் விரித்துச் சீட்டாடினார்கள்.

மத்தியானம் சாமியின் கணவர் போன் செய்தார். நடந்ததைக் கேட்டுப் பதறிப்போய், "இதுக்குத்தான் நான் பயந்தேன். இனிமே இந்த மாதிரி எங்கயும் கிளம்ப வேண்டாம், என்ன?" என்றார்.

"அதை நான் வந்து பேசறேன். இப்போ வைக்கறேன், என் ஆட்டம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.