ஆணி அடிக்காத டைனிங் ரூம்

என் கணவரின் அக்கா பொய் சொல்கிறார். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டார். "தண்ணி மட்டும்தான் குடிச்சேன்" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டிருப்பது பச்சைப் பொய். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பீர்கள். சோறு இல்லை விஷயம். நாங்கள் கும்மிடிப்பூண்டி ரயிலில் பழகி, நாங்களே முடிவு செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். மீஞ்சூரில் இருக்கும் என் வீட்டார் மூன்று மாதம் முறைத்துவிட்டு வழிக்கு வந்துவிட்டார்கள். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் கணவர் வீட்டார் வரவில்லை. அம்மா இல்லாத அந்தக் குடும்பத்துக்கு, நான் அண்ணி என்று கூப்பிடும் இந்த அக்காதான் பெரியவர். அவர் கை நனைக்காத வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் உறவு. நனைக்காவிட்டால் வழியில் பார்த்த ஆள், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்தில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மூன்றாவது முறை நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க அண்ணி."

"எங்கம்மா சாப்புடறது? தரையில உக்காந்தா என்னைத் தூக்க கிரேன்தான் வரணும். முட்டி அப்டி இருக்குது. டேபிள் சேர் இருந்தாலாச்சும் பரவால்ல."

அதோடு விட்டாரா? அடுத்த வாரம் ஒரு காதுகுத்துப் பந்தியில், என் காதில் விழவேண்டும் என்றே நான்கு இலை தள்ளி உட்கார்ந்து சொன்னார்: "என் தம்பி ஊட்ல உக்கார எடம் கெடையாது. அவன் பாவம், சிங்க் கிட்ட நின்னுகினே துன்னுட்டு ஓடறான்."

அது உண்மைதான். அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் இருவருமே நின்றுகொண்டுதான் சாப்பிடுவோம். எனக்கு ஒரு ஷிப்ட், அவருக்கு ஒரு ஷிப்ட். அடுப்பிலிருந்து தட்டு, தட்டிலிருந்து வாய், வாயிலிருந்து வாசல்.

என் கணவர் அன்று இரவே போன் போட்டார். "அக்கா, ஊட்ல டேபிள் சேர் எல்லாம் போட்டாச்சி. அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை வா."

"போட்டாச்சா? பாக்கறேன் பாக்கறேன்" என்றார் அண்ணி.

போனை வைத்ததும் நான் கேட்டேன், "எங்க போட்ட?"

"போடணும்" என்றார்.

மேசை இல்லை. நாற்காலி என்று சொல்ல இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்றுக்குக் கால் விரிசல். டைனிங் ரூம் மட்டும் இருந்தது. வீடு காட்டும்போது ஹவுஸ் ஓனர் "இது டைனிங்" என்று கையை வீசினாரே, அதுதான். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் எட்டடிக்கு ஏழடி. ஜன்னல் கிடையாது. மேலே ஒரு பரண். நாங்கள் அங்கே வாஷிங் மெஷினையும் கேஸ் சிலிண்டரையும் வைத்திருந்தோம். சுவர் பழுத்த எலுமிச்சை நிறம். அந்தச் சுவர்மேல் ஹவுஸ் ஓனருக்கு இருக்கும் பாசம் அவர் பிள்ளைமேல்கூட இருக்காது. சாவி கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "ஆணி மட்டும் அடிக்கக் கூடாதும்மா. மத்தபடி உங்க ஊடு மாதிரி." அவர் கீழ் வீட்டில்தான் இருக்கிறார். மாடியில் தேங்காய் உடைத்தால்கூட வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார்.

ஆணி இல்லாமல் ஒரு அறையை அலங்கரிப்பது எப்படி? நான் பசை டேப் என்றேன். என் கணவர் சிரித்தார். அவர் வெல்டர். இரும்புச் சட்டங்கள் செய்கிற ஷெட்டில் வேலை. அவருக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் இரும்பு.

இரண்டு குழாய்கள் கொண்டுவந்தார். ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஒரு பெரிய போல்ட். குழாயைத் தரையில் நிற்க வைத்து, போல்ட்டைத் திருகினால் அது உயர்ந்து பரணின் அடியில் முட்டி இறுகிக்கொள்ளும். கட்டடத்தில் கூரை போடும்போது முட்டுக்கொடுப்பார்களே, அதே வேலை. இரண்டு குழாய்க்கும் நடுவில் கதவளவு தகரம். ஆக, சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர். ஓனருடைய சுவரில் ஒரு கீறல் இல்லை. நான் காயலான் கடைக்குப் போய் பழைய ஸ்பீக்கர் காந்தங்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிட்டன. பிரித்தெடுக்க எங்களுக்கு அரைமணி நேரம். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று விரலைக் கவ்வும். அவர் கத்த, நான் சிரிக்க, நான் கத்த, அவர் சிரிக்க.

அதன்பிறகு எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். தகரத்துக்கு ஆகாய நீலம் அடித்தோம். கரண்டி, டம்ளர், டீ வடிகட்டி, கல்யாணப் போட்டோ, அவருடைய பஸ் பாஸ், எது கையில் கிடைத்ததோ அதையெல்லாம் காந்தத்தில் ஒட்டினோம். முழு எவர்சில்வர் தட்டு ஒட்டவே மாட்டேன் என்றது. "நல்ல எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாது" என்று அவர் விளக்கினார். என் அம்மா கொடுத்த தட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் தட்டைப் பார்த்தோம். "உங்கம்மா கிட்ட சொல்லிடாத" என்றார். அன்று ஒரு மணி நேரம் சிரித்தேன். வயிறு வலித்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. வாகன உதிரிபாகக் கம்பெனியில் சரிபார்க்கும் மேசையில் எட்டு மணி நேரம் நிற்பவள் நான். எங்கள் கம்பெனியில் குப்பைக்கூடைக்குக்கூட தரையில் மஞ்சள் டேப்பால் கட்டம் போட்டு இடம் ஒதுக்குவார்கள். வீட்டிலும் போட்டேன். மேசைக்கு ஒரு கட்டம். நான்கு நாற்காலிக்கு நான்கு கட்டம். வாஷிங் மெஷினையும் சிலிண்டரையும் வெளியே தள்ளிவிட்டு, சிலிண்டர் இருந்த இடத்தில் கைகழுவும் வாளிக்கு ஒரு வட்டம். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஹெல்மெட் போட்டுக்கினு சாப்புடணுமா?" என்று கேட்டார்.

அவரே ஷெட்டில் செய்த மேசையும் நான்கு நாற்காலிகளும் வெள்ளிக்கிழமை வந்தன. மேசை தனித்தனித் துண்டாக வந்தது, ஏனென்றால் முழுதாக ஏணிப்படியில் திரும்பாது. லேத் மிஷினை வைக்கலாம், அப்படி ஒரு மேசை. நான்கு கால்களும் கனத்த சதுரக் குழாய். பாதத்தில் மட்டம் பார்க்கத் திருகு. மேலே பேக்கிங் பெட்டி உடைத்த மரப்பலகை, தேய்த்து வார்னிஷ் அடித்தது. கால்களுக்கு மஞ்சள் பெயின்ட், ஷெட்டில் அதுதான் மீதி இருந்ததாம். ஓரத்தில் கறுப்புப் பட்டையும் அடிப்பேன் என்று நின்றார். மிஷினுக்கு அடிக்கிற மாதிரி, யாரும் இடித்துக்கொள்ளாமல் இருக்க. "அடிச்ச, நான் மீஞ்சூருக்குப் போய்டுவேன்" என்றேன்.

போல்ட் முடுக்கி, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை திருகினார். நான் கைதட்டினேன். இரண்டு தட்டு வைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

எனக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது. மேசை என் கழுத்துக்கு வந்தது. தட்டில் இருப்பதை எடுக்க, கையைத் தோளுக்குமேல் தூக்க வேண்டியிருந்தது. திருமண மண்டபத்தில் குழந்தைகள் மோவாயை மேசைமேல் வைத்துக்கொண்டு ஐஸ்கிரீமுக்குக் காத்திருக்குமே, அப்படி இருந்தோம்.

"இன்னா ஹைட்டுல செஞ்ச?"

"டேபிள் இன்னா ஹைட்டோ அந்த ஹைட்டுதான்."

"எந்த டேபிள்?"

 அவர் முகத்தை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார். ஷெட்டில் அவர் வேலை செய்கிற மேசையின் உயரம் அது. அங்கே யாரும் உட்காருவதில்லை. நின்று வெட்டுவார்கள், நின்று பற்றவைப்பார்கள், நின்று டீ குடிப்பார்கள். நானாவது கவனித்தேனா? நான்தான் அளவு சரிபார்க்கிறவள். அளவு எழுதிய காகிதத்தை எனக்குக் காட்டித்தான் வெட்டினார். "ஓகே" என்று சொன்னவள் நான். எனக்கும் மேசை என்றால் நிற்கிற இடம்தான். அண்ணி பந்தியில் சொன்னதை இரும்பில் செய்து வைத்துவிட்டோம். சிரித்து முடிக்கவே நெடுநேரம் ஆனது. நடுவில் எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்க இரும்பறுக்கும் ரம்பத்தால் கால்களை அறுத்தார். ஒவ்வொரு காலிலும் பத்து அங்குலம், அதன்பிறகு பாதத்தைத் திரும்பப் பொருத்த வேண்டும். கறகறவென்று அந்தச் சத்தம் கேட்டதும் ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு மேலே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, செவுத்தை அறுக்கறீங்களா?"

"டேபிள் கால் சார்."

நம்பவில்லை. தகரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து, மூலைக்கு மூலை குனிந்து பார்த்தார். ஆணி இல்லை. குழாயை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஒரு காந்தத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். பத்து நிமிடம் போயிற்று. "நல்லாத்தான் கீது" என்றார். "நாளைக்கு இன்னா விசேஷம்?" என்றும் கேட்டார். சாப்பிட வரச்சொன்னேன். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். பழவேற்காட்டிலிருந்து விடிகாலையில் வாங்கிவந்த நண்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. யோசித்துத்தான் நண்டு வாங்கினேன். இட்லியை ஒரு விள்ளல் கிள்ளி வைத்துவிட்டு சாப்பிட்டேன் என்றும் சொல்லலாம், சாப்பிடவில்லை என்றும் சொல்லலாம். நண்டில் அந்த வேலை நடக்காது.

வாசலிலேயே, "தண்ணி குடும்மா, போதும்" என்று ஆரம்பித்தார்.  டைனிங் ரூம் விளக்கைப் போட்டேன்.

அவர் நின்றுவிட்டார். நீலத் தகரம், மஞ்சள் கால், தரையில் கட்டங்கள். "இன்னா நைனா இது, பிள்ளைங்க பாண்டி ஆடற எடமா?" என்று தம்பியைக் கேட்டார்.

"உன் சேர் அது. முட்டிக்காகத்தான் செஞ்சேன். உக்காரு."

உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசை அசையவில்லை. அவர் வீட்டில் எதைப் பிடித்தாலும் ஆடும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு எங்கள் கல்யாணப் போட்டோவைக் காந்தத்தோடு எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. "பொடவை நல்லா கீது" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் தட்டு வைத்தேன். ஹவுஸ் ஓனர் ஏற்கெனவே நாலாவது கட்டத்தில் உட்கார்ந்து சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம்மா. ருசி பாக்கறேன், அவ்ளோதான்."

ருசி பார்த்தார். ஒரு நண்டு. ஓட்டைக் கடித்துத் துப்பினார். "காரம் பத்தல" என்றார். இரண்டாவது நண்டு. சோறு கேட்கவில்லை, தட்டைக் கொஞ்சம் நகர்த்தினார், நான் போட்டேன். மூன்றாவது நண்டின் காலை உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொண்டார். நான்கு நண்டு, இரண்டு முறை சோறு, அதற்குமேல் ரசம். முழங்கைவரை வழிந்ததை நக்கினார். கை நனைப்பது என்ன, கை குளித்தது. என் கணவர் சாப்பிடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "துன்னுடா, ஆறிப்போவுது" என்று அண்ணி அவருக்கு ஒரு நண்டை எடுத்து வைத்தார். வாளி வட்டத்தில் கை கழுவும்போது தம்பியிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சிக் குடு நைனா. மஞ்சள் வேணாம். பச்சை அடி."

பஸ் ஏற்றிவிட்டு வந்து நாங்கள் இருவரும் டைனிங் ரூமில் கைகோத்துக்கொண்டு சுற்றினோம். இடித்துக்கொண்டோம். கறுப்புப் பட்டை அடித்திருக்கலாம்.

சாயங்காலம் குரூப்பில் அவர் சித்தப்பா மகன் கேட்டான்: "அக்கா, தம்பி ஊட்ல சாப்ட்டியா?"  அண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வெகுநேரம் காட்டியது. பிறகு வந்தது: "இல்லப்பா. தண்ணி மட்டும்தான் குடிச்சேன்."

என் கணவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "விடும்மா. சாப்டவ நம்மள உட்டுப் போக மாட்டா. மெதுவா சொல்லுவா" என்றார். இரண்டு வருடமாகச் சாப்பிட மாட்டேன் என்று ஊருக்குச் சொன்னவருக்கு ஒரே நாளில் மாற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கும். அது எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் வெட்கத்தைக் காப்பாற்றுவதற்காக நான் இன்னொரு வருடம் யாரும் வராத வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. காலியாகக் கிடக்கும் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

பச்சை மேசை ஷெட்டில் தயாராக இருக்கிறது. சரியான உயரம். நானே அளந்தேன். ஆனால் அண்ணி உண்மையைச் சொல்லும்வரை அது பொதட்டூர்பேட்டைக்கு வண்டி ஏறாது.

அண்ணி, இதை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். தனியாக எனக்குப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம், எடுக்க மாட்டேன். குரூப்பில் உங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரும் இருக்கிறார்கள். எங்கள் ஹவுஸ் ஓனரையும் சாட்சிக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், அவர் தயார். அங்கே, எல்லாரும் பார்க்க, பதில் போடுங்கள்: நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்களா, இல்லையா?