கொக்கி அடிக்க வேண்டிய உயரம்

ஒரு ஊரின் பெயரைச் சொன்னால் மற்றவர்களுக்குக் கோயிலோ கடைத்தெருவோ நினைவுக்கு வரும். எனக்குக் கழிப்பறைதான் வரும். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தரை காய்ந்திருக்குமா, கைப்பையை மாட்ட ஒரு ஆணியாவது இருக்குமா என்றே மனசு ஓடும். குடலில் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து இப்படி ஆகிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டு, கூடவே வயிற்றின் இடது பக்கம் ஒரு பையையும் ஒட்டி அனுப்பினார்கள். இனி மலம் அதில்தான் இறங்கும், ஆயுசுக்கும் அப்படித்தான் என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினேன். பிடிக்கவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கிற சாமானா அது?

வீட்டில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. பை கொஞ்சம் நிறைந்ததும் போய்க் காலி செய்து, கழுவி, பையின் வாயில் கிளிப்பைப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். பெரம்பலூரில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் போட்டிருக்கிற ஜாக்கெட் நான் தைத்ததுதான். வெளியில் போனால்தான் வினை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் கழிப்பறை பின்பக்கம், சமையல்காரர்களைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே சாமான் வைக்க ஒரு தட்டு கிடையாது, ஒரு கொக்கி கிடையாது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிளிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வெளியே காத்திருந்த பெண்கள் கதவைத் தட்டினார்கள். "உள்ளார யாரு, தூங்கிட்டீங்களா?" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். கிளிப் கைநழுவிக் கீழே விழுந்தது. மீதிக் கதை வேண்டாம். சாப்பிடாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து அழுதேன். ஆஸ்பத்திரியைத் தவிர இனி வேறெங்கும் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவுக்கு ஒரு சோதனை வந்தது. பூலாம்பாடியில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் வளைகாப்பு. அந்தப் பெண் வயசுக்கு வந்ததிலிருந்து போட்ட ஜாக்கெட் அத்தனையும் என் கையால் தைத்தது. பிள்ளையில்லாத எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கெல்லாம் வந்து, மெஷினுக்கு அடியில் வெட்டுத் துணிகளைப் பரப்பி விளையாடியவள். தங்கை போன் செய்தபோது, வளைகாப்பு ஜாக்கெட்டைத் தைத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்து விடுகிறேன் என்றேன்.

"ஜாக்கெட்டு யாருக்கு வேணும்க்கா? நீ வந்து புள்ள கையில வளையல் போடணும். இல்ல, எம்மேல ஏதும் கோவமா? வூடு பால் காய்ச்சுனதுக்கும் மாமா மட்டுந்தான் வந்தாரு."

"கோவம்லாம் ஒண்ணுமில்லடி. ஒடம்பு முடியல."

ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியும். பை இருப்பதும் தெரியும். ஆனால் அதை எங்கே, எப்படிக் காலி செய்கிறேன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கூடப் பிறந்தவளிடம்கூட அந்தப் பேச்சுக்கு வாய் வரவில்லை. பூலாம்பாடி என்ன, காசியா? காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பெண்ணின் கையில் ஒரு வளையல் போட முடியவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது.

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை வந்தது. அவர் சிவில் டிப்ளமோ படித்தவர். வீடுகளுக்கு பிளான் போடுவார், தண்ணீர்க் குழாய், சாக்கடை வேலைகளையும் எடுத்துச் செய்வார். உடையார்பாளையம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, தோப்புக்குள் கேரவன் வண்டிகள் வந்து தங்குகிற மாதிரி ஒரு இடம் அமைக்கிறாராம். அப்படி வருகிறவர்கள் நல்ல தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் வசதி வேண்டும். அதை இவர் கட்டிக் கொடுக்க வேண்டும்.

"சினிமாக்காரங்க வண்டியா?" என்றேன்.

"இப்ப குடும்பமாவே அதுல ஊரு சுத்துறாங்களாம்மா. உள்ளாரயே படுக்க, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கு. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி ஒரு டேங்குல சேரும். கக்கூசுக்கு மட்டும் தனியா ஒரு பொட்டி. ரொம்புனா பக்கவாட்டுல உருவி எடுத்துட்டுப் போயி கொட்டிட்டு, அலசி, மறுபடி மாட்டிக்கணும்."

நான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவருக்குப் புரியவில்லை. "அதுக்கும் என்னை மாதிரி இடுப்புல பையா?" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. என்னை நானே கேலி செய்துகொண்டால் அவருக்குத் தாங்காது. எனக்கோ அந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பிடித்துப்போனது.

சில நாள் கழித்து, போட்ட பிளானைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டினார். ஆயுசு முழுக்க வீட்டு பிளான் போட்டே பழகிய கை. தோப்பையும் ஒரு வீடாகவே நினைத்துவிட்டது. நல்ல தண்ணீர்க் குழாய் ஈசானிய மூலையில். கழிவு கொட்டும் இடம் வாயு மூலையில், எல்லாவற்றுக்கும் பின்னால், ஆள் உயரச் சுவரின் மறைவில். வண்டிகள் நிற்பது இரண்டுக்கும் நடுவில். தோப்புக்காரருக்கு ரொம்பத் திருப்தியாம். வாஸ்துவும் சரி, அசிங்கமும் கண்ணில் படாது.

"வண்டி அந்தச் சொவரு வரைக்கும் போவுமா?" என்று கேட்டேன்.

"போவாது, மரம் இருக்கு. பொட்டியத் தூக்கிட்டுப் போவணும். பக்கந்தான்."

"யார் யாரத் தாண்டிப் போவணும்?"

அவர் குனிந்து தாளில் தேடினார். பிளானில் மனிதர்களை வரைகிற வழக்கம் இல்லையே. நான் எழுந்து போய், குடிதண்ணீர் வாங்குகிற பெரிய கேனில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மூடி, அவர் முன்னால் வைத்தேன். "இதத் தூக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வாங்க. யாராச்சும் கேட்டா தண்ணின்னு சொல்லக் கூடாது. அந்தப் பொட்டியில என்ன இருக்குமோ அதத்தான் சொல்லணும்."

"வெளயாடுறியா?"

"வெளயாட்டு இல்லீங்க. போயிட்டு வாங்க."

சாயங்கால நேரம், தெருவே வாசலில் இருந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கேனை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு போகிறார். பால் வாங்கி வந்த பக்கத்து வீட்டம்மா, "என்ன சார், கேனு எங்க போவுது?" என்றார். "சும்மாங்க" என்றார் இவர். தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர், "குடுங்க சார், நான் தூக்கியாறேன்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். இவர் ஓடாத குறையாக நடந்தார். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பி வரும்போது அதைத் தெருப்பக்கம் காட்டாமல் உடம்போடு அணைத்து மறைத்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது என் வயிற்றை நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "வெளிய போறப்பல்லாம் ஒனக்கு இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"இப்படித்தாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரு பார்க்கிற மாதிரி ஜன்னல் திறந்திருக்கும்போது அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை அவர். அவர் மேல் எனக்கு அவ்வளவு அன்பு பொங்கியது.

மறுநாளிலிருந்து அந்த பிளானை இரண்டு பேருமாகப் பிரித்துத் தைத்தோம். வாஸ்துவை மூட்டை கட்டி வைத்தார். கழிவு கொட்டும் இடம், வண்டி வெளியே போகிற பாதையின் ஓரத்துக்கே வந்தது. வண்டியை அங்கே நிறுத்திப் பெட்டியை உருவினால் இரண்டு எட்டில் கொட்டிவிடலாம், யாரையும் தாண்டிப் போக வேண்டாம். அங்கே வண்டி நிற்கும் சிமென்ட் தளம் நடுப்பக்கம் சரிந்து ஒரு கம்பி வலைக்குள் இறங்கும், குளித்த தண்ணீரை நின்ற இடத்திலேயே திறந்துவிடலாம். பெட்டியைக் கவிழ்க்கும் வாயை முதலில் இடுப்பு உயரத்தில் வரைந்திருந்தார். நிறைந்த பெட்டியை அவ்வளவு உயரம் யார் தூக்குவது என்று சண்டை போட்டேன். முழங்காலுக்கு இறக்கினார். மூடியைக் காலால் மிதித்தே திறக்கலாம். அலசுவதற்குச் சிவப்பு நிறத்தில் ஒரு குட்டை ஹோஸ். நல்ல தண்ணீர்க் குழாய் தள்ளி, வண்டி உள்ளே நுழைகிற பாதையில். சிவப்பு ஹோஸை எவ்வளவு இழுத்தாலும் அங்கே எட்டாது. வண்டிக்காரர்கள் பெட்டியில் ஊற்றுகிற மருந்து செப்டிக் டேங்கைக் கெடுத்துவிடுமாம், அதனால் இதற்கென்று ஒரு தனித் தொட்டி, லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும்.

மறைப்புச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். "தோளு வரைக்கும் போதும். தல தெரியணும். ஆளு நிக்கிறது தெரிஞ்சா யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. கையில இருக்கறது தெரியாட்டி போதும்" என்றேன். அப்படியே வரைந்தார்.

இதற்கிடையில் ஒரு நாள் நான் சமையலறையில் நின்றிருந்தபோது டேப்பை எடுத்து வந்து, தரையிலிருந்து என் முழங்கை வரை பிடித்தார். அப்புறம் தோள் வரை. "என்ன, எனக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா?" என்றேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நான் அளவு எடுத்திருக்கிறேன், எனக்கு யாரும் டேப் பிடித்ததில்லை. "சும்மா, ஒரு அளவுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிக்ஸி வைக்கத் தட்டு அடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாளாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற தட்டு அது.

தோப்புக்காரர் மட்டும் லேசில் மசியவில்லை. "போற வழியிலயே கக்கூஸ வக்கச் சொல்றீங்களா சார்?" என்று எகிறினாராம். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "கேன நெரப்பிக் கையில குடுத்தேன். ஆளுங்க முந்திரிக்கொட்ட பொறுக்கிட்டு இருந்தாங்க. அவங்க நடுவால தூக்கிட்டுப் போவச் சொன்னேன்" என்றார். பாதி வழியிலேயே அந்த மனிதர் கேனைக் கீழே வைத்துவிட்டாராம்.

வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரர் என்னை வந்து இடத்தைப் பார்க்கச் சொன்னார். முடியாது என்றேன். "பாதி ஒன் பிளானு, நீ பாக்காம எப்படி? காருக்குச் சொல்லிட்டேன். முடியலன்னா திரும்பிடலாம்" என்றார். அரியலூர் தாண்டும் வரை சிமென்ட் லாரிகளின் பின்னால் ஊர்ந்துகொண்டே போனோம். வழியெல்லாம் என் கை வயிற்றின் மேலேயே இருந்தது. தோப்புக்குள் கார் திரும்பியபோது பை நிறைந்துவிட்டது தெரிந்தது.

"ஏங்க, வூட்டுக்குப் போயிடலாம்."

"அங்க பாரு" என்றார் அவர்.

சிமென்ட் தளத்தில் ஒரு கேரவன் நின்றிருந்தது. தோள் உயரச் சுவருக்கு மேலே ஒரு அம்மாவின் தலை தெரிந்தது. பெட்டியைக் கவிழ்த்து அலசிக்கொண்டே வண்டிக்குள் இருக்கிற யாரிடமோ சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வாங்க" என்று சிரித்தார். குழாயடியில் குடம் கழுவுகிறவர்கள் சிரிக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அந்தச் சுவரை ஒட்டி, பிளானில் நான் பார்த்தே இராத ஒரு சின்ன அறை இருந்தது. அவர் அதைத்தான் காட்டினார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். தரை காய்ந்திருந்தது. கதவில் இருந்த கொக்கியில் கைப்பையை மாட்டினேன். தோள் பக்கத்துச் சுவரில் இன்னொரு கொக்கி இருந்தது, முந்தானையை அதில் மாட்டினேன். இடது பக்கம் ஒரு தட்டு. கிளிப்பைக் கழற்றி அதில் வைத்தேன். குனியவும் இல்லை, எட்டவும் இல்லை, கை தானாகப் போகிற இடத்தில் தட்டு இருந்தது. சமையலறையில் அவர் பிடித்த டேப் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலை முடிந்த பிறகும் நான் வெளியே வரவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்று, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவர் முந்திரி மரத்தடியில் காத்திருந்தார். புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க உள்ளே போன பெண்ணிடம் நான் கேட்பதை, என்னிடம் அவர் கேட்டார்.

"அளவு சரியா இருக்கா?"

"பிரிச்சுத் தைக்க வேண்டியதில்லீங்க" என்றேன்.

அங்கிருந்தே தங்கைக்கு போன் போட்டேன். வளைகாப்புக்கு வருகிறேன் என்றதும் அவள் போட்ட கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் ஓயட்டும் என்று பொறுத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணுடி. ஒன் வூட்டு பாத்ரூமுல எனக்கு ஒரு தட்டு வேணும். ரெண்டு கொக்கி வேணும். பையக் காலி பண்றதுக்கு. நான் உள்ளார இருந்தா யாரும் கதவத் தட்டக் கூடாது."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் தோன்றியது.

"எவ்வளவு ஒசரத்துலக்கா அடிக்கணும்?" என்றாள்.

போனை அவரிடம் கொடுத்தேன். அவர் டேப்பையும் தேடவில்லை, பிளானையும் தேடவில்லை. மரத்தடியில் நின்றபடியே என் முழங்கை எவ்வளவு உயரம், என் தோள் எவ்வளவு உயரம் என்று அவளுக்கு மனப்பாடமாகச் சொன்னார்.