கடைசியில் இறங்கும் குளுக்கோஸ்

சர்க்கரையோடு பிழைப்பு என்றால் எல்லோரும் பொறாமைப்படுவார்கள். என் மேஜைக்கு அது வந்ததெல்லாம் மூத்திரத்தில்தான் என்பது லேப்பில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ரெசின் என்கிற மணல் மாதிரிப் பொடி. நோயாளியின் மூத்திரத்தை ஊற்றி, மேலே வெங்காரம் என்கிற போராக்ஸ் கரைத்த தண்ணீர் விடுவேன். சர்க்கரைகள் வெங்காரத்தோடு சேர்ந்து ரெசினைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கரும்புச் சர்க்கரையும் பால் சர்க்கரையும் முந்தி வரும், குளுக்கோஸ் கடைசி. சொட்டுகளைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிடித்து, ஆசிட் சேர்த்துச் சுட வைத்தால், சர்க்கரை இருக்கும் குழாய் மட்டும் நிறம் மாறும்.

கப்பல் சமையல்காரர்

தருவைகுளம் சூசை அண்ணாச்சிக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்திருந்தது. மருத்துவச் சோதனையில் சர்க்கரை என்று வந்துவிட்டது. வேலை போய்விடுமே என்று பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குழாயில் விட்டுப் பார்த்தால் முதலிலேயே கரும்புச் சர்க்கரை கொட்டோ கொட்டென்று வந்தது. மனுஷன் உடம்பிலிருந்து அது அப்படி வராது. "அண்ணாச்சி, இதை எதுல பிடிச்சிய?" என்றேன். "நன்னாரி சர்பத் பாட்டில்லதாம்மா. ஒரு தடவை அலசுனேனே!" என்றார். சுத்தமான சீசா கொடுத்து மறுபடி பார்த்தோம். ஒன்றுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது:

"அப்போ எனக்கில்ல, அந்தப் பாட்டிலுக்குத்தான் சர்க்கரை வியாதி!"

முத்தையாபுரத்து செல்வக்கனி

பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோ சோதித்துவிட்டுச் சர்க்கரை என்றார்களாம். 'சீக்குக்காரி பால் பிள்ளைக்கு ஆகாது' என்று மாமியார் நிறுத்திவிட்டாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, செல்வக்கனி சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். உப்பளத்து வேலையை விட்டு வந்த புருஷன் முருகன் கையில் பிள்ளை கதறிக்கொண்டிருந்தது.

பால் சர்க்கரை வர வேண்டிய இடத்தில் நிறம் வந்தது. ஆனாலும் குளுக்கோஸ் இறங்கும் கடைசிக் குழாய்களைப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. அன்று பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் குழாய்கள் தண்ணீர் மாதிரித் தெளிவாகவே நின்றன. பால் கட்டிய தாய்க்கு அப்படிக் கொஞ்சம் பால் சர்க்கரை இறங்கும், வியாதியே இல்லை என்று டாக்டர் சொன்னார். "அப்போ குடுக்கலாமாக்கா?" என்று கேட்டவள், என் பதிலுக்குக்கூட நிற்காமல் பிள்ளையை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அழுகை நின்றது. முருகன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்:

"எம் பிள்ளை பங்கைப் போயி நோயின்னு சொல்லீட்டாவளேக்கா."

ரோசம்மாவின் மகள்

இது தலைகீழ். ரோசம்மாவின் பச்சைக்குழந்தை பால் குடித்ததும் கக்கியது. கண் மஞ்சள், உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. புருஷன் தோணியில் கொழும்பு போயிருந்தான். மூத்திரத்தில் ஏதோ சர்க்கரை தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

குளுக்கோஸுக்குச் சற்று முன்னால் அழுத்தமாக நிறம் வந்தது. கேலக்டோஸ். பால் சர்க்கரை உடைந்தால் வருவது. அதைச் செரிக்க இந்தப் பிள்ளையின் உடம்புக்கு வழியில்லை. டாக்டர் உடனே பாலை நிறுத்தச் சொன்னார், தாய்ப்பாலையும் சேர்த்து. "எம் பாலே இவளுக்கு விஷமா டாக்டர்?" என்று ரோசம்மா கேட்டாள். மதராஸிலிருந்து பாலுக்குப் பதிலாகக் கொடுக்கச் சோயா மாவு வரும்வரை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்தார்கள். மஞ்சள் மெல்ல வடிந்தது, கக்கல் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இடுப்பில் குண்டுக் கன்னத்தோடு மகள். பால் கொடுக்காத தாய் என்று தெருவில் பேசுகிறார்களாமே என்று கேட்டேன். பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பேசட்டும்க்கா. பேச்சைக் கேக்க எம் மவ உசுரோட இருக்கால்லா."

இத்தனை வருஷம் இத்தனை சர்க்கரைகளை வகை வகையாகப் பிரித்தெடுத்தேன், எங்கள் ஆஸ்பத்திரி டீயில் மட்டும் எந்தச் சர்க்கரையையும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.